மீதியை நீங்க சொல்லுங்க

அரைமொழியார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காமல் தப்பித்திருக்க வழியே இல்லை. வானத்தில் ஒரு மேகம் நகர்ந்தால், தரையில் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போனால், தும்பி தாழப் பறந்தால், நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால், பக்கத்து வீட்டுக்காரிக்கு முட்டி வலித்தால், இவற்றில் எதுவுமே நடக்காமல் சும்மா வெயில் அடித்தால்கூட, டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு தொண்டை கனைக்கும், ஒரு விரல் எழும்பும், மழையைப் பற்றியோ காற்றைப் பற்றியோ பழமொழி ஒன்று பாதி வெளியே வரும். பாதிதான் வரும். மீதிப் பாதியை நாம் சொல்ல வேண்டும்.

இந்த இனத்தின் அங்க அடையாளமே அந்த நிறுத்தம்தான். "ஆடி..." என்பார். நிறுத்துவார். புருவத்தைத் தூக்கிக்கொண்டு நம் வாயைப் பார்ப்பார். நாம் மீதியைச் சொல்லிவிட்டால், "அதான்" என்று தலையாட்டி, தான் போட்ட கணக்குக்கு நாம் விடை சொன்னது போல டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். சொல்லாமல் உட்கார்ந்திருந்தால், "பாத்தீங்களா, ஒருத்தனுக்கும் தெரியல. இந்தத் தலைமுறையே இப்படித்தான்" என்று அதே டீயை இன்னும் நீளமாக உறிஞ்சுவார். எப்படிப் போனாலும் ஜெயிப்பது அவர். டீக்குக் காசு கொடுப்பது நாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை முழுக்கப் படித்தாலும் அவர் சொல்கிற மொழிகளில் ஒன்றைக்கூட நீங்கள் இங்கே பார்க்க முடியாது. நான் எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் எடுத்துக்கொண்டு போய் இன்னொரு பெஞ்சில் அவிழ்த்துவிடுவீர்கள். எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் யார் என்று கேட்பீர்கள். கள்ளக்குறிச்சியில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், புங்கமரத்தடியில் ஒரு மேசையும் இரண்டு ஸ்டூலும் போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவன். ஜில்லா ஆவதற்கு முன்னால் தாலுக்கா ஆபீஸ் வாசலில் இருந்தேன். ஜில்லா ஆனதும் மேசையோடு இங்கே வந்துவிட்டேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், அன்றைக்கு எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. சொந்த ஊர் ரிஷிவந்தியம் போகிற வழியில் இருக்கிறது. நாள் முழுக்கப் பிறர் குறையைக் கேட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் நசுங்கி ஊர் போய் இறங்கினால், கமலா டீக்கடை பெஞ்சில் எனக்காகவே காத்திருப்பது போல உட்கார்ந்திருப்பார் எங்கள் ஊர் அரைமொழியார், திருவாளர் கலையரசன்.

கலையரசன் சார் ஏதோ ஓர் ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் நாலு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் எந்த மூலையில் கிணறு என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். உழுவது, விதைப்பது, ஆள் கூப்பிடுவது, மோட்டார் போடுவது எல்லாம் அவர் சம்சாரம் செல்லியம்மாள். சார் சேற்றில் கால் வைத்து முப்பது வருஷம் இருக்கும். வேட்டியில் மண் பட்டால் உடனே வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவார். ஆனால் விவசாயத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், இந்த பூமியில் முதல் ஏர் பூட்டியபோது பக்கத்தில் நின்று கயிறு பிடித்தவர் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அவரிடம் ஒரு நோட்டு உண்டு. பச்சை அட்டை, மேலே ரப்பர் பேண்டு. சித்திரை முதல் பங்குனி வரை மாதவாரியாக மொழிகள், கடைசிப் பக்கங்களில் இடி, மின்னல், வானவில், பனி, காற்று என்று தனித்தனிப் பிரிவு. நோட்டில் ஏறியதெல்லாம் மறுநாள் விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் அவர் குரலிலேயே வரும். குழுவுக்குப் பெயர் "மண்ணின் குரல்". நூற்று எழுபது பேர் அதில் இருக்கிறோம். வெளியே வந்தால் "இன்னார் வெளியேறினார்" என்று பெயரைப் போட்டுக் காட்டிவிடும் என்பதால் இருக்கிறோம்.

அவருடைய வித்தை என்ன தெரியுமா? எந்த வானத்துக்கும் அவரிடம் இரண்டு மொழி இருக்கும். ஒன்று மழை வரும் என்கிறது, இன்னொன்று வராது என்கிறது. காலையில் ஒன்றைச் சொல்வார். மழை வந்தால், "காலைல இன்னா சொன்னேன்?" வராவிட்டால், அப்போதுதான் ஞாபகம் வந்தது போல இரண்டாவதை எடுத்து விடுவார், "இதையும் சேத்துப் பாக்கணும், அப்பத்தான் கணக்கு வரும்" என்பார். ஒருமுறை புயல் விடுமுறை அறிவித்து, பள்ளிக்கூடம் மூடி, பஸ் நின்று, கரன்டு போய், ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்து, "மழ வரும்னு நம்ம ஆளுங்க அப்பவே சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்று அறிவித்துவிட்டுப் போனார். நாங்கள் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே ஆமாம் என்றோம்.

கைப்பேசியில் வருகிற வானிலைச் செய்தி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. "சாட்டிலைட்டுக்குத் தும்பி தெரியுமா? ஈசல் தெரியுமா?" என்பார். தெரியாதுதான். ஆனால் ஒருநாள் கோவில் பின்பக்கம் ஒதுங்கப் போனபோது நான் என் கண்ணால் பார்த்தேன்: சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கைப்பேசியை மூக்குக்கு நேரே பிடித்து, விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி என்று விரலால் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலம் பெஞ்சில் எறும்பை வைத்து மழை சொன்னார், அதுவும் சரியாகப் பெய்தது.

இதெல்லாம் வெறும் தொல்லை. கொசுக்கடி மாதிரி சொறிந்துகொண்டு போய்விடலாம். போன புரட்டாசி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

புரட்டாசியில் சார் உறவுக்காரர்களோடு வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போனார். அருவியில் குளித்துவிட்டு, வெள்ளிமலை தாண்டி எங்கோ வண்டியை நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் கேட்ட இடத்தில் மலைக்காரப் பெண்மணி ஒருவரிடமிருந்து ஒரு மொழியைப் பெற்றுக்கொண்டு இறங்கினார். பெற்றுக்கொண்டார் என்றுதான் சொன்னார், பிரசாதம் வாங்கினது போல. மறுநாள் காலை "மண்ணின் குரல்" நாலரை நிமிஷம் ஓடியது. முந்நூறு வருஷத்து மொழியாம், எந்தப் புத்தகத்திலும் இல்லையாம், மலையும் மலைசார்ந்த அறிவுமாம். முதல் பாதி, கீழ மின்னுவதைப் பற்றியது. இரண்டாம் பாதி, அப்படி மின்னினால் காயப்போட்டதை அள்ள வேண்டாம், மழை வராது என்பது. எதுகை மோனை எல்லாம் கச்சிதமாக இருந்தது, அதனால் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. கமலா டீ ஆற்றும்போதுகூட அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இனி குஞ்சம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குஞ்சம்மாள் இருபது வருஷமாகப் பிறர் காட்டில் களை எடுத்தவர். வீட்டுக்காரர் அம்மாசி கரும்பு வெட்டுக்குக் கோஷ்டியோடு வெளியூர் போய்விடுவார். போன வருஷம்தான் முதல்முறையாக இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து மக்காச்சோளம் போட்டார். நிலத்துக்காரருக்கு அரை மனசுதான். "ஒரு வெள்ளாம எடுத்துக் காட்டு. ஒழுங்கா எடுத்தா அடுத்த வருசமும் உனக்குத்தான். இல்லன்னா வேற ஆளு கேட்டுகினு இருக்காங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆக, அந்த ஒரு விளைச்சல் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தால் நிலம் அவர் கையில் நிற்கும். இல்லாவிட்டால் பழையபடி விடியற்காலையில் கூலி வேனில் ஏற வேண்டும். அதைக் குஞ்சம்மாள் ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார், எங்களுக்கெல்லாம் தெரியும்.

கதிர் நன்றாகப் பிடித்திருந்தது. ஐப்பசியில் அறுத்து, மிஷினில் அடித்து, எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற மாதிரி தார்ரோட்டின் ஓரத்தில் கொட்டிப் பரப்பியிருந்தார். டீக்கடைக்கு எதிரேதான் ஆரம்பித்தது, மஞ்சளாக ஒரு முந்நூறு அடி நீளத்துக்கு. வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்து, காலால் கிளறிக் கிளறி விட்டதில், மூன்று நாள் காய்ச்சலில் சோளம் நன்றாகச் சுண்டிவிட்டது. இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். வியாழக்கிழமை வியாபாரி லாரி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நான் ஆட்டோவிலிருந்து இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். சார் முன்னாடியே இருந்தார். கிழக்கே கறுத்திருந்தது, தூரத்தில் மின்னியது, சத்தம் இல்லை. குஞ்சம்மாள் ரோட்டோரத்தில் நின்று வானத்தையும் சோளத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிராக்டர் ஓட்டுகிற அய்யப்பன் டிப்பரோடு வந்து நிறுத்தினான்.

"யக்கா, அள்ளணும்னா இப்பவே சொல்லு. நாலு பேரு சேந்தா அர மணிநேரம். ஸ்கூல் வராண்டால கொட்டிடலாம். அப்பால எனக்கு வேற லோடு இருக்குது, வர முடியாது."

"அதான் பாத்துகினு இருக்கேன். எம் பொண்ணு போன்ல பாத்தாளாம், நம்ம பக்கம் மழன்னு போட்டுக்குதாம். ஆனா நாளிக்கு ஒரு வெயிலு பட்டா போதும்டா. அள்ளிட்டா மறுபடி கொட்டணும், ஈரம் ஏறிக்கும்."

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஐப்பசியில் எங்களுக்கு மழை எங்கிருந்து வரும்? கடலிலிருந்து வரும். கடல் எந்தப் பக்கம்? கிழக்கே. ஐப்பசி மாசத்துக் கிழக்கு மின்னலைப் பார்த்தால் எங்கள் ஊர் ஆடுகூட எழுந்து கூரைக்குள் போகும். குஞ்சம்மாள் அதைத் தெரியாதவர் இல்லை. இருபது வருஷம் வெட்டவெளியில் நின்றவர். கை டிப்பரின் கதவுக் கொக்கியில் இருந்தது.

சார் தொண்டையைக் கனைத்தார்.

"போனு எந்த ஊர்ல செஞ்சதும்மா?"

"அது இன்னாமோ தெரியல, சார்."

"தெரியலல்ல. அது நம்ம ஊரு வானத்தப் பத்திச் சொல்லுமா? மின்னுறது எந்தப் பக்கம்? கீழ்ப்பக்கம். மலைக்காரங்க முந்நூறு வருசமா பாத்துச் சொன்னது." விரல் எழுந்தது. முதல் பாதியைச் சொன்னார். நிறுத்தினார். புருவத்தைத் தூக்கி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். பெஞ்சிலிருந்து ஒரு குரல் மீதிப் பாதியைச் சொன்னது, எதுகையை நன்றாக அழுத்தி, கொஞ்சம் ராகமாகவே. எல்லாரும் சிரித்தார்கள். சார் "அதான்" என்றார்.

குஞ்சம்மாள் சாரைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். படித்தவர்கள் இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்லும்போது என்ன செய்வார்? கொக்கியிலிருந்து கையை எடுத்தார். அய்யப்பன் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

ஏழே காலுக்குக் காற்று வந்தது. ஏழரைக்கு மழை. சும்மா தூறல் இல்லை, குடத்தைக் கவிழ்த்த மாதிரி இரண்டு மணிநேரம் கொட்டியது. குஞ்சம்மாளும் மகள் தேவதர்ஷினியும் வீட்டில் இருந்த சேலை, பாய், கோணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். முந்நூறு அடியை எதைக் கொண்டு மூடுவது? தார்ரோட்டில் தண்ணீர் ஓடி, சோளத்தை ஒதுக்கி ஒதுக்கிக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் சேர்த்தது. நாங்கள் நாலு பேர் இறங்கி வாரினோம். வாரிய வரைக்கும் வாரினோம், அதற்குள் எல்லாம் ஊறிவிட்டிருந்தது.

சாருடைய நாலு ஏக்கரும் அதே மக்காச்சோளம்தான். அது என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒரு மணிகூட நனையவில்லை. செல்லியம்மாள் சாயங்காலம் ஐந்து மணிக்கே ஆள் வைத்து அள்ளி, குவித்து, மேலே தார்ப்பாய் இழுத்து, ஓரத்துக்கு ஓரம் கல் வைத்துவிட்டார். மறுநாள் கமலா கேட்டதற்கு, "அவரு பேச்சக் கேட்டா சோறு துன்ன முடியுமா? நான் கல்யாணம் ஆன மறு வருசமே காத மூடிக்கினேன்" என்றாராம். இதை அவர் முந்தின நாளே டீக்கடைக்கு வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டுக்காரரின் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் தார்ப்பாய் போட்டு மூட வேண்டியது அந்தம்மாவின் வேலைதான்.

புதன்கிழமை காலையிலும் வானம் திறக்கவில்லை. குஞ்சம்மாள் பள்ளத்தில் இறங்கி முறத்தால் சோளத்தை அரித்துக்கொண்டிருந்தார். சேறும் சோளமும் சேர்ந்து வந்தது. சார் குடையோடு வந்தார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளத்துக்கு நாலடி தள்ளி நின்று, கொஞ்ச நேரம் பார்த்தார். நான் நினைத்தேன், மனுஷன் ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார் என்று.

"இதுக்கும் ஒண்ணு இருக்குது" என்றார். விரல் எழுந்தது. பாதி சொன்னார். நிறுத்தினார்.

யாரும் மீதியைச் சொல்லவில்லை. குஞ்சம்மாள் நிமிரக்கூட இல்லை, முறத்தைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். சார் காத்திருந்து பார்த்துவிட்டு, "ஒருத்தனுக்கும் தெரியல" என்று முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போனார். அவருக்கு எதிரே ஒரு விளைச்சல் அழுகிக்கொண்டிருந்தது, அவர் கவலைப்பட்டது தன் மொழிக்கு வால் கிடைக்கவில்லையே என்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குடையைப் பிடுங்கிப் பள்ளத்தில் போட்டிருப்பேன், செய்யவில்லை.

வியாழக்கிழமை லாரி வந்தது. வியாபாரி ஒரு கை அள்ளினார், முகர்ந்தார், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துத் துப்பினார். அடியில் முளை விட்டிருந்தது. மேலே கறுப்பாகப் பூசணம். "கோழிகூட துன்னாதும்மா" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, பாவம், அவரும் பார்த்ததைத்தான் சொன்னார். லாரி காலியாகத் திரும்பிப் போனது. அடுத்த வாரமே நிலத்துக்காரர் வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை குஞ்சம்மாள் என் மேசைக்கு வந்தார். நிவாரணம் ஏதாவது கிடைக்குமா என்று மனுக் கொடுக்க. எனக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். பக்கத்து ஸ்டூலில் மலையிலிருந்து வந்த பாப்பாத்தி என்கிற அம்மா, தங்கள் ஊருக்குப் பாதை கேட்டு மனு எழுதக் காத்திருந்தார். விடியற்காலை பஸ் பிடித்துக் கச்சிராயபாளையம் வழியாக இறங்கியவர், மடியில் ஒரு பை சீத்தாப்பழம். குஞ்சம்மாள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மலைமொழி என்ற இடம் வந்ததும் குறுக்கே கேட்டார்.

"யாரு சாமி அது? பச்ச நோட்டு வெச்சிருப்பாரா? ஒசரமா, வேட்டியத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு?"

"அவரேதான்" என்றேன்.

"எங்க ஊட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சாரே. அவருகிட்ட நான் மொழி ஒண்ணும் சொல்லலியே, சாமி. களத்துல சாமை காயப்போட்டிருந்தேன். மின்னுது மின்னுது, அள்ளலையான்னு அவருதான் பதறுனாரு. கீழதான மின்னுது, இங்க வராதுன்னேன். ஒடனே நோட்ட எடுத்து எழுதிக்கிட்டாரு. எதுக்குன்னு எனக்கு வெளங்கல."

"கீழன்னா? கிழக்கதான?" என்று குஞ்சம்மாள் கேட்டார்.

பாப்பாத்தி எங்களை விநோதமாகப் பார்த்தார். அப்புறம் விரலை நீட்டி, என் மேசைக்கு அடியில் தரையைக் காட்டினார்.

"கீழன்னா கீழ. மலைக்குக் கீழ. நீங்க இருக்கிற எடம்."

எங்கள் ஊரில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு; தெருவுக்குப் பேர் வைப்பதே அப்படித்தான். மலைமேல் இருக்கிறவர்களுக்குக் கீழே என்றால் பள்ளத்தில் கிடக்கிற நாம். அங்கே ஒரு பெண்மணி தன் களத்தில் நின்று, கீழே இருக்கிறவர்கள் தலையில்தான் பெய்யப்போகிறது, எனக்கு இல்லை என்று ஒரு நாள் சாயங்காலம் பார்த்ததைச் சொன்னார். அதை இந்த மகானுபாவர் நோட்டில் எழுதி, வால் ஒட்டி, எதுகை தடவி, முந்நூறு வருஷம் பழமை ஏற்றி, மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து, யார் தலையில் பெய்யுமோ அவர்களிடமே அள்ள வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

"அப்ப எங்களுக்கு மழ வருதுன்னுதான் சொல்லியிருக்கீங்க" என்றார் குஞ்சம்மாள், பாப்பாத்தியிடம். பாப்பாத்தி ஆமாம் என்று தலையாட்டி, பையிலிருந்து இரண்டு சீத்தாப்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

அன்று சாயங்காலம் பெஞ்சுக்குப் போன வேகத்தில் இதை அப்படியே சாரிடம் கொட்டினேன். பதறுவார், தலை குனிவார், குறைந்தபட்சம் டீயாவது ஆறிப்போகும் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியா? சுவாரசியமா இருக்குதே" என்றார். நோட்டின் ரப்பர் பேண்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, பேனாவைத் திறந்து, அந்த மொழிக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வார்த்தை எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

"பாடபேதம்."

மறுநாள் காலை "மண்ணின் குரல்" ஆறு நிமிஷம் ஓடியது. ஒரே மொழிக்கு மலையில் ஒரு பொருள், சமவெளியில் ஒரு பொருள், என்னே தமிழின் ஆழம் என்று. கீழே பதினேழு பேர் கைகூப்புப் படம் போட்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் செய்ய முடியாது. போன வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து விழாவுக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டிருக்கிறார்கள். குஞ்சம்மாள் காலையில் ஐந்தரைக்குக் கூலி வேனில் ஏறுகிறார். நான் ஆட்டோவுக்கு நிற்கும்போது சில நாள் பார்ப்பேன். மனுவுக்கு ரசீது வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மேசையில் நடந்ததில் ஒன்றை உங்களிடம் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். சொல்லாமலே முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

எழுதி முடித்த மனுவைக் குஞ்சம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். இருபத்திரண்டு வருஷமாக மழைச் சேதத்துக்கு நான் எழுதுகிற வரிதான்: "எதிர்பாராத மழையால் மேற்படி விளைபொருள் முற்றிலும் சேதமடைந்து..."

"அண்ணா" என்றார். "எதிர்பாராததுன்னு ஏன் எழுதறீங்க?"

"அப்படித்தாம்மா எழுதறது."

"நான் எதிர்பாத்துகினுதான இருந்தேன். வண்டி கொக்கில கைய வெச்சிட்டேனே. சாரு பாதிதான சொன்னாரு. அவரு எப்பவும் பாதிதான் சொல்லுவாரு, அத யாரு கேட்டா." கோபமாகச் சொல்லவில்லை. சீத்தாப்பழத்தை மடியில் கட்டிக்கொண்டே சொன்னார். "மீதிய நீங்க சொன்னீங்க. ஆபீஸ் முன்னாடி ஒக்காந்து எழுதறவரு, தெரியாமலா சொல்லுவாருன்னு கைய எடுத்துட்டேன்."

ஆமாம், பெஞ்சிலிருந்து வந்த அந்தக் குரல் என்னுடையதுதான். கிழக்கே கறுத்திருந்ததை நானும் பார்த்தேன். மழை வரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் புருவத்தைத் தூக்கி நிறுத்தியபோது வாய்க்குள் மீதி வந்து நின்றுவிட்டது, எதுகை அவ்வளவு அழகாக இருந்தது, சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று தெரிந்தது, சொல்லிவிட்டேன். யார் சோளம், எவ்வளவு நாள் உழைப்பு என்று யோசிக்க அந்த நிறுத்தத்தில் இடமே இருக்கவில்லை. மொழி எதையும் இங்கே எழுதமாட்டேன் என்றது இதனால்தான். "எதிர்பாராத" என்ற சொல்லை அடித்துவிட்டு, வெறும் "மழையால்" என்று வைத்து மனுவைக் கொடுத்தேன். எழுதுகூலி வாங்கவில்லை. அதனால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

நீங்கள் அப்படியில்லை என்பீர்கள். இவ்வளவு நேரமும் கலையரசன் சாரைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரித்தீர்கள், எனக்கும் சந்தோஷம். ஆனால் ஆரம்பத்தில், இரண்டாவது பத்தியில், "ஆடி" என்று எழுதி மூன்று புள்ளி வைத்து நிறுத்தியிருந்தேன். அதற்கு மேல் ஓர் எழுத்துகூட நான் எழுதவில்லை, வேண்டுமானால் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

மீதியை யார் சொன்னது?